அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் கடினமான பாடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு

அமெரிக்காவுக்கு வேலை மாற்றலாகிக் குடிவரும் தமிழ்க் குடும்பத்தில் எட்டாம் வகுப்பையோ ஒன்பதாம் வகுப்பையோ முடித்த பிள்ளை இருந்தால், வீடு பார்ப்பதற்கு அடுத்தபடியாகப் பெற்றோர் முன் வந்து நிற்பது பள்ளி தரும் பாடத்தேர்வுப் படிவம். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் ஒரு குரூப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிளஸ் டூ முடியும்வரை வேறு முடிவு எடுக்க வேண்டியதில்லை. இங்கே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகளும் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பாடத்திலேயே சாதாரண வகுப்பு, ஹானர்ஸ் வகுப்பு, ஏ.பி. (Advanced Placement, கல்லூரி நிலைப் பாடம்) வகுப்பு என்று அடுக்குகள் இருக்கும்; சில பள்ளிகளில் ஐ.பி. (International Baccalaureate) என்ற தனித் திட்டமும், அருகிலுள்ள கல்லூரியிலேயே பாடம் எடுக்கும் வாய்ப்பும் உண்டு. வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கும் மற்ற பெற்றோரைக் கேட்டால், "உங்கள் பிள்ளை எத்தனை ஏ.பி. எடுக்கிறான்?" என்ற கேள்விதான் பதிலாக வரும். எண்ணிக்கையைக் கேட்கும் இந்தக் கேள்வி பயனற்றது என்பது என் கருத்து. கல்லூரியில் செய்ய வேண்டிய வேலையை எந்தப் பாடம் இப்போதே பழக்குகிறது என்று கேட்பதே முறை. இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையிலிருந்து கல்லூரியின் முதல் வாரம் வரை ஒவ்வொரு படியாகச் செல்கிறது.

கடினமான பாடங்கள் உண்மையிலேயே பலன் தருகின்றனவா என்ற ஐயம் நியாயமானது. 1980-இல் பத்தாம் வகுப்பில் இருந்த அமெரிக்க மாணவர்களை 1993 வரை பின்தொடர்ந்து திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு, கல்வித் துறையின் ஆய்வாளர் கிளிஃபர்ட் அடெல்மன் 1999-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் வகுப்பில் பெற்ற இடத்தையும்விட, உயர்நிலைப் பள்ளியில் படித்த பாடங்களின் செறிவே பட்டத்தை முடிப்பதோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது என்பது அவருடைய முடிவு. குறிப்பாக, அல்ஜீப்ரா 2-க்கு மேல் ஒரு கணிதப் பாடத்தை முடித்தவர்கள் பட்டம் பெறும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கடினமான பாடங்களை எடுக்கும் மாணவர்கள் ஏற்கெனவே ஊக்கமும் குடும்ப ஆதரவும் உள்ளவர்களாக இருக்கலாம். ஆனாலும், மதிப்பெண்ணைக் காட்டிலும் எதைப் படித்தோம் என்பது முக்கியம் என்ற செய்தி, மதிப்பெண்ணையே உயிராக நினைத்து வளர்ந்த நம் தலைமுறைப் பெற்றோர் கேட்க வேண்டிய ஒன்று.

முதல் படி: கல்லூரி என்ன கேட்கிறது என்று அறிதல்

அமெரிக்கக் கல்லூரிகளில் பாடங்களின் அளவை 'கிரெடிட்' என்ற அலகால் சொல்கிறார்கள். நடுவண் அரசின் விதிப்படி ஒரு கிரெடிட் என்பது சுமார் 15 வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது 2 மணி நேர உழைப்பும் ஆகும். ஒரு பருவத்தில் 15 கிரெடிட் எடுக்கும் மாணவருக்கு வாரத்தில் 15 மணி நேரமே வகுப்பு. ஆனால் அவருடைய மொத்த வேலை 45 மணி நேரம். மீதி 30 மணி நேரத்தை எப்போது, எங்கே, எப்படிச் செலவிடுவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளியில் நாள் முழுவதும் மணியடித்து நடத்திய பிள்ளை திடீரென்று இந்த வெற்றிடத்தில் இறங்குகிறது. முதல் ஆண்டில் தடுமாறும் மாணவர்கள் பலரிடம் குறைவது அறிவு அன்று. இந்த 30 மணி நேரத்தை ஆளும் பழக்கம்தான்.

ஆகவே ஒரு பாடம் கல்லூரிக்குத் தயார்ப்படுத்துகிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். வகுப்பில் விளக்கப்படாத நீண்ட பகுதிகளை மாணவர் தானே படித்துவர வேண்டியிருக்கிறதா? எழுதிக் கொடுத்ததை ஆசிரியர் திருத்தித் திருப்பித் தந்து மறுபடி எழுதச் சொல்கிறாரா? இதுவரை பார்க்காத வடிவில் கணக்கோ கேள்வியோ வருகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், அந்தப் பாடத்தின் பெயருக்கு முன்னால் ஏ.பி. என்ற எழுத்துகள் இல்லாவிட்டாலும் அது கடினமான பாடமே. மூன்றுக்கும் 'இல்லை' என்றால் பெயர்ப்பலகையால் பயனில்லை. இந்தக் கேள்விகளுக்கான பதில் பள்ளியின் பாடப்பட்டியல் கையேட்டில் இருக்காது. சென்ற ஆண்டு அந்த வகுப்பில் இருந்த மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: சேர்க்கையின்போதே பதிவுகளைச் சரிசெய்தல்

தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பின்னாளில் யாரும் கேட்பதில்லை. இங்கே ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவத்திலிருந்தே எல்லா மதிப்பெண்களும் 'டிரான்ஸ்கிரிப்ட்' என்ற பதிவேட்டில் ஏறி, கல்லூரி விண்ணப்பத்தோடு செல்கின்றன. ஆண்டிறுதித் தேர்வில் ஈடுகட்டிவிடலாம் என்ற நினைப்பும் இங்கே உதவாது. வீட்டுப்பாடம், சிறு தேர்வுகள், ஆய்வக அறிக்கைகள், செயல்திட்டங்கள் எல்லாம் சேர்ந்துதான் பருவ மதிப்பெண் உருவாகிறது.

இந்தியாவிலிருந்து வரும்போது கடைசி இரண்டு, மூன்று ஆண்டு மதிப்பெண் பட்டியல்களோடு, அந்த வகுப்புகளின் பாடத்திட்டத்தையும், குறிப்பாகக் கணிதம், அறிவியல் பாடநூல்களின் பொருளடக்கத்தையும் கொண்டுவருவது நல்லது. பள்ளி ஆலோசகருக்கு 'சமச்சீர்' என்றாலும் 'சி.பி.எஸ்.இ.' என்றாலும் பெரிதாக எதுவும் தெரியாது; பொருளடக்கத்தைப் பார்த்தால் அவரால் முடிவெடுக்க முடியும்.

சேர்க்கைப் படிவங்களோடு வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும் தாள் ஒன்றும் வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு ஒன்று வைப்பார்கள். அதற்கு அஞ்சி ஆங்கிலம் என்று எழுதிவிடும்படி சிலர் சொல்லித் தருவதுண்டு. பொய் எழுதத் தேவையில்லை. ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைகள் பலர் அந்தத் தேர்வை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். கடக்க முடியாத பிள்ளைக்கு அந்த உதவி உண்மையிலேயே தேவை. ஆனால் ஆங்கில உதவி வகுப்பில் வைத்திருக்கும் காரணத்தால் கணிதத்திலும் அறிவியலிலும் கீழ் அடுக்கில் போட்டால், அதை மட்டும் ஏற்றுக்கொள்ளாமல் ஆலோசகரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

மூன்றாம் படி: கணித ஏணி

எல்லாப் பாடங்களையும்விட முன்கூட்டியே திட்டமிட வேண்டியது கணிதம், ஏனெனில் அதில் ஒரு படியைத் தவறவிட்டால் அடுத்த படி ஓராண்டு தள்ளிப்போகும். வழக்கமான வரிசை அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரிகால்குலஸ், கால்குலஸ் என்பது. ஐந்து படிகள், உயர்நிலைப் பள்ளியோ நான்கு ஆண்டுகள். எனவே பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் எடுக்க விரும்பும் மாணவர் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்திருக்க வேண்டும், அல்லது இடையில் ஒரு கோடையிலோ ஒரே ஆண்டில் இரண்டு கணிதப் பாடங்களை எடுத்தோ ஈடுகட்ட வேண்டும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கற்பிப்பதா என்பதே இந்நாட்டில் பெரிய அரசியல் சர்ச்சை. சான்பிரான்சிஸ்கோ பள்ளி நிர்வாகம் 2014-இல் அதை நீக்கி, பல ஆண்டு எதிர்ப்புக்குப் பின் 2024-இல் மீண்டும் கொண்டுவர முடிவு செய்தது. உங்கள் ஊரில் நிலைமை என்ன என்பதை வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே விசாரிப்பது வீண் வேலை ஆகாது.

இந்தியப் பாடத்திட்டத்தில் இயற்கணிதமும் வடிவியலும் முக்கோணவியலும் ஒரே ஆண்டுக்குள் கலந்து வருவதால், அங்கே முடித்த ஒரு வகுப்பு இங்குள்ள எந்த ஒரு பாடத்துக்கும் நேராகப் பொருந்தாது. நம் பிள்ளைகள் கணக்கில் கெட்டி என்ற நம்பிக்கையில் பெற்றோர் இரண்டு படிகளைத் தாண்டவைக்கக் கேட்பதுண்டு. பள்ளியோ மறுபுறம் பாதுகாப்பாக ஒரு படி கீழே வைக்கப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நிலை அறியும் தேர்வுதான். அந்தத் தேர்வைக் கேட்டு வாங்குங்கள். விடைத்தாளையும் கேட்டுப் பாருங்கள். அல்ஜீப்ரா 2-இன் அடித்தளம் ஆட்டம் கண்டால், கால்குலஸில் தவறுவது கால்குலஸாக இருக்காது. பின்னங்களையும் அடுக்குக்குறிகளையும் கையாளும் இடங்களில்தான் மதிப்பெண் போகும்.

ஏணியைக் கீழிருந்து கட்ட வேண்டும் என்பதற்குக் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியைவிடச் சிறந்த சான்று கிடையாது. பொலிவியாவிலிருந்து குடியேறிய ஹைமே எஸ்கலாண்டே என்ற ஆசிரியர் அங்கே 1974-இல் வேலைக்குச் சேர்ந்தார். பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏ.பி. கால்குலஸ் தேர்வில் தேறியபோது, தேர்வு நடத்திய அமைப்பு 14 பேர் மீது ஐயம் கொண்டது. அவர்களில் 12 பேர் மறுதேர்வு எழுதி, 12 பேரும் தேறினார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் மறுதேர்வோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகள்தான் நமக்கு வேண்டியவை: கீழ் வகுப்புகளின் கணிதத்தைச் சீர்செய்து, கூடுதல் நேரம் வகுப்பெடுத்து, முதலில் மிகச் சிலரைக் கொண்டே கால்குலஸ் வகுப்பைத் தொடங்கி, ஆண்டுதோறும் அவர் அதை வளர்த்தார்.

நான்காம் படி: எந்த வழி என்று முடிவு செய்தல்

ஹானர்ஸ் என்பது அந்தந்தப் பள்ளி தானே வகுக்கும் அடுக்கு; அதற்குப் பொதுத் தேர்வு இல்லை, தரமும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் அதுவே பொருத்தமான தொடக்கம்.

ஏ.பி. என்பது 1950-களில் தொடங்கி இன்று காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் திட்டம். ஏறத்தாழ 40 பாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் கல்லூரியின் முதலாண்டுப் பாடத்துக்கு இணையாக வகுக்கப்பட்டு, மே மாதத்தில் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு நடக்கிறது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. இதன் சிறப்பு, ஒரு பாடத்தை மட்டும் தனியே எடுக்கலாம் என்பது. எல்லா ஏ.பி. பாடங்களும் ஒரே கனம் கொண்டவை அல்ல. கால்குலஸ் ஏபி (AB; திட்டத்தின் பெயரான AP அன்று) என்னும் பாடம் கல்லூரியின் ஒரு பருவ அளவு, கால்குலஸ் பி.சி. (BC) இரண்டு பருவ அளவு. இயற்பியல் 1 அல்ஜீப்ராவை மட்டும் கொண்டு நடக்கும், இயற்பியல் சி கால்குலஸைக் கேட்கும். பொறியியலுக்குச் செல்பவருக்குப் பின்னதே பயன். கணினி அறிவியலிலும் 'பிரின்சிபிள்ஸ்' என்பது பொது அறிமுகம், 'ஏ' என்பது ஜாவாவில் நிரல் எழுதும் பாடம்.

நம் குடும்பங்கள் கணிதத்தையும் அறிவியலையும் அடுக்கிவிட்டு, ஆங்கில மொழி, அமெரிக்க வரலாறு ஆகியவற்றின் ஏ.பி. வகுப்புகளைத் தவிர்ப்பதைப் பார்க்கிறேன். கல்லூரிக்கான தயாரிப்பு என்ற கண்ணில் பார்த்தால் இது தலைகீழான தேர்வு. அமெரிக்க வரலாற்றுத் தேர்வில், முன்பின் பார்த்திராத ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அவற்றை எழுதியவர் யார், எந்தச் சூழலில், யாருக்காக எழுதினார் என்று எடைபோட்டு, ஒரு மணி நேரத்துக்குள் தன் வாதத்தை நிறுவும்படி கேட்பார்கள். பாடநூலில் உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகிய பிள்ளைக்கு இதைவிடக் கடினமான, இதைவிடத் தேவையான பயிற்சி இல்லை. எந்தத் துறைக்குப் போனாலும் கல்லூரியில் கேட்கப்படுவது இதுதான்.

ஐ.பி. டிப்ளோமா என்பது 1968-இல் ஜெனீவாவில் தோன்றிய அமைப்பின் இரண்டாண்டுத் திட்டம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் முழுத் தொகுப்பாக எடுக்க வேண்டும். ஆறு பாடங்கள், அவற்றில் மூன்று அல்லது நான்கு உயர்நிலையில், தலா 240 மணி நேரம், மற்றவை 150 மணி நேரம். பாடத்துக்கு 7 வீதம் 42 புள்ளிகள், மையப் பகுதிக்கு 3, ஆக மொத்தம் 45. டிப்ளோமா பெறக் குறைந்தது 24 வேண்டும். மையப் பகுதியில் 4,000 சொற்கள் வரை நீளும் தனி ஆய்வுக் கட்டுரை ஒன்று உண்டு. மாணவரே கேள்வியை வகுத்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரின் மேற்பார்வையில் பல மாதங்கள் உழைத்து எழுத வேண்டும். அறிவு எப்படி உருவாகிறது என்று ஆராயும் பாடமும், மதிப்பெண் இல்லாத ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளோமாவே கிடைக்காத சேவை, கலை, உடற்பயிற்சிப் பகுதியும் உண்டு. பள்ளியில் கற்பிக்கப்படாத தாய்மொழியின் இலக்கியத்தை, பள்ளியின் ஆதரவோடு தானே படித்துத் தேர்வெழுதும் வழியும் இதில் இருக்கிறது. தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளையின் பெற்றோர் ஒருங்கிணைப்பாளரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். எழுதுவதில் விருப்பமும் பல துறைகளில் நாட்டமும் உள்ள மாணவருக்கு ஐ.பி. பொருந்தும். கணிதத்தில் மட்டும் பாய்ந்து செல்பவருக்கு ஏ.பி. கொடுக்கும் சுதந்திரம் நல்லது. ஐ.பி. பள்ளி இல்லாத ஊரில் அதற்கு நெருங்கிய மாற்று, ஏ.பி. செமினார், ஏ.பி. ரிசர்ச் என்ற இரண்டு பாடங்கள்; இரண்டாவதில் 4,000 முதல் 5,000 சொற்கள் கொண்ட ஆய்வுக் கட்டுரை உண்டு.

நான்காவது வழி, உயர்நிலைப் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கும் இரட்டைப் பதிவு. மின்னசோட்டா 1985-இல் சட்டமியற்றி இதைத் தொடங்கியது. வாஷிங்டனில் 'ரன்னிங் ஸ்டார்ட்', ஒஹாயோவில் 'காலேஜ் கிரெடிட் பிளஸ்' என்று மாநிலத்துக்கு ஒரு பெயர். ஓராண்டு பள்ளிப் பாடம் இங்கே ஒரே பருவத்தில் முடிந்துவிடும் என்பதால் வேகம் அதிகம். ஒரே நாள் தேர்வை நம்ப வேண்டியதில்லை என்பது ஆறுதல். பல மாநிலங்களில் கல்விக் கட்டணமும் இல்லை அல்லது மிகக் குறைவு. ஆனால் இதில் பெறும் மதிப்பெண் நிரந்தரமான கல்லூரிப் பதிவு. பிள்ளை மருத்துவராக வேண்டும் என்று கனவு காணும் பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறை, பதினாறு வயதில் எடுத்த இரட்டைப் பதிவுப் பாடங்கள் உட்பட எல்லாக் கல்லூரி மதிப்பெண்களையும் கேட்கிறது. ஏ.பி. தேர்வில் 2 வாங்கினால் அதை அனுப்பாமல் விட்டுவிடலாம். கல்லூரிப் பாடத்தில் வாங்கிய 'டி' என்ற குறைந்த தரம் எங்கும் போகாது.

ஐந்தாம் படி: எத்தனை என்று தீர்மானித்தல்

கல்லூரிகள் எண்ணிக்கையைத் தனியாகப் பார்ப்பதில்லை. அந்தப் பள்ளியில் என்னென்ன கிடைத்தன, அவற்றில் மாணவர் எவற்றை எடுத்தார் என்று ஒப்பிடுகின்றன. விண்ணப்பத்தோடு பள்ளி ஆலோசகர் அனுப்பும் அறிக்கையில், இந்த மாணவரின் பாடத்தேர்வு பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிடுகையில் எவ்வளவு கடினமானது என்ற கேள்வியே இருக்கிறது. ஐந்து ஏ.பி. மட்டுமே உள்ள பள்ளியில் நான்கு எடுத்தவர், இருபது உள்ள பள்ளியில் நான்கு எடுத்தவரைவிடக் கடினமான வழியில் சென்றவராகவே கருதப்படுவார்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. 15 ஓராண்டுப் பாடங்களைக் கொண்ட கட்டாயப் பட்டியல் ஒன்றை அது வைத்திருக்கிறது. அவற்றில் 11 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். எதிலும் 'சி'-க்குக் கீழே போகக் கூடாது. ஜி.பி.ஏ. எனப்படும் சராசரியைக் கணக்கிடும்போது கடினமான பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு என்றாலும், அது எட்டுப் பருவங்களுக்கு மட்டுமே. அதிலும் பத்தாம் வகுப்பில் எடுத்தவற்றிலிருந்து நான்கு பருவங்களுக்கு மேல் சேராது. அதாவது நான்கு ஓராண்டுப் பாடங்களோடு கூடுதல் புள்ளியின் பயன் முடிகிறது. அதற்கு மேல் எடுப்பது படிப்பதற்காக இருக்கலாம், அந்தக் கணக்குக்காக அன்று. டெக்சாஸில் நிலைமை வேறு. 1997-இன் சட்டப்படி வகுப்பில் முதல் பத்து சதவீதத்தினருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி, ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் இன்னும் குறுகிய வரம்பு. அங்கே கூடுதல் புள்ளிகள் வகுப்புத் தரவரிசையையே மாற்றுவதால் போட்டி கடுமையாகிறது. எந்த மாநிலத்தில் இருக்கிறீர்களோ அந்த மாநிலத்தின் விதியைப் படியுங்கள். வேறு மாநிலத்து உறவினரின் அறிவுரையை அப்படியே பின்பற்றாதீர்கள்.

நடைமுறையில் ஒன்பதாம் வகுப்பில் இல்லை அல்லது ஒன்று, பத்தில் ஒன்று அல்லது இரண்டு, பதினொன்றில் இரண்டு முதல் நான்கு, பன்னிரண்டில் அதே அளவு என்பது பெரும்பாலான மாணவர்கள் தாங்கக்கூடிய சுமை. முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் வாரத்தின் 168 மணி நேரத்தை எழுதுங்கள். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்று மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. அதை முதலில் கழியுங்கள். பிறகு பள்ளி, பயணம், உணவு, விளையாட்டு, பரதநாட்டிய வகுப்பு எல்லாவற்றையும் கழித்த பின் மிஞ்சுவதில், ஒவ்வொரு கடினமான பாடத்துக்கும் வாரம் ஐந்து மணி நேரம் வைத்துப் பாருங்கள். கணக்கு இடித்தால் பாடம் ஒன்றைக் குறையுங்கள், உறக்கத்தை அன்று.

ஆறாம் படி: வகுப்புக்குள் நடக்க வேண்டியது

கடினமான வகுப்பில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் யாரும் தயாராவதில்லை. சான்டியேகோவில் 1980-இல் மேரி கேத்தரின் ஸ்வான்சன் என்ற ஆங்கில ஆசிரியை, வசதி குறைந்த மாணவர்களைக் கடினமான வகுப்புகளில் சேர்த்தபோது, அவர்களுக்கென்று தனியாக ஒரு பாடவேளையையும் அமைத்தார். குறிப்பெடுப்பது, கேள்வி எழுப்புவது, குழுவாகப் படிப்பது ஆகியவற்றை அந்த நேரத்தில் கற்பித்தார். 'அவிட்' என்ற பெயரில் அது இன்று பல மாநிலப் பள்ளிகளில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் இல்லாவிட்டாலும் அதன் வழக்கங்களை வீட்டில் கைக்கொள்ளலாம்.

முதலாவது, குறிப்பேடு. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, வலப்புறம் பாடக் குறிப்பும், அன்று மாலையே இடப்புறம் அந்தக் குறிப்பு விடை சொல்லும் கேள்வியும் எழுத வேண்டும். தேர்வுக்கு முன் வலப்புறத்தை மூடிக்கொண்டு இடப்புறக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பார்க்க வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறை, மனப்பாடத்தை விட்டு வெளியே வர நம் பிள்ளைகளுக்கு நல்ல பாலம். இரண்டாவது, ஆசிரியரிடம் போய்க் கேட்பது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டால் மரியாதைக் குறைவு, அல்லது தெரியாதவன் என்று எண்ணிவிடுவார் என்ற தயக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. கல்லூரியில் பேராசிரியர்கள் வாரந்தோறும் மாணவர்களைச் சந்திக்கவென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். பள்ளியில் பழகாதவர் அங்கே போகமாட்டார். "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று போகாமல், "மூன்றாம் கணக்கில் இந்த வரிவரை வந்தேன், அடுத்து ஏன் இப்படி?" என்று தாளோடு போகப் பழக்குங்கள்.

மூன்றாவது, பிறர் எழுதியதை மேற்கோள் காட்டும் ஒழுங்கு. இணையத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டுவது இந்தியப் பள்ளிச் செயல்திட்டங்களில் பெரிய குற்றமாகப் பார்க்கப்படாமல் இருக்கலாம்; இங்கே அது கல்லூரியை விட்டே அனுப்பக்கூடிய குற்றம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு விதி இருப்பதால், ஒவ்வொரு பாடத்திலும் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

டியூஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழர் கூடும் இடங்களிலெல்லாம் ஏ.பி. டியூஷன் விளம்பரம் இருக்கிறது. வரும் ஆண்டின் பாடத்தைக் கோடையிலேயே முழுவதும் சொல்லிக் கொடுத்துவிடும் வகுப்புகளால் மதிப்பெண் உயரலாம். ஆனால் புரியாத ஒன்றோடு தனியே மல்லுக்கட்டும் அனுபவம் அங்கேயே பறிபோகிறது. காலேஜ் போர்டின் இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் விரிவான விடைக் கேள்விகளும், அவற்றுக்கு மதிப்பெண் இட்ட முறையும் இலவசமாகவே கிடைக்கின்றன. மாணவர் தானே எழுதி, அந்த முறைப்படி தானே திருத்திப் பார்ப்பது எந்த டியூஷனுக்கும் குறைந்ததில்லை.

ஏழாம் படி: நவம்பர், மே, ஜூலை

ஏ.பி. வகுப்பில் சேர்ந்தாலே தேர்வுக்குப் பதிவாகிவிடாது. தேர்வுக்கான பதிவைப் பெரும்பாலும் நவம்பர் நடுப்பகுதிக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் கூடுதல் கட்டணம். ஒரு தேர்வுக்குக் கட்டணம் சுமார் 100 டாலர். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. சில மாநிலங்களும் பள்ளி நிர்வாகங்களும் முழுக் கட்டணத்தையும் ஏற்கின்றன. 2025 முதல் பெரும்பாலான தேர்வுகள் கணினியில் நடப்பதால், அதற்கான செயலியில் முன்கூட்டியே பயிற்சி எடுக்க வேண்டும். மதிப்பெண் ஜூலையில் வரும்.

எட்டாம் படி: கிரெடிட்டைப் பயன்படுத்துவதும் பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைப்பதும்

ஏ.பி. மதிப்பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3-க்கே கிரெடிட் தருகிறது; எம்.ஐ.டி. கால்குலஸ் பி.சி.யில் 5 வாங்கியவருக்கு மட்டும் முதல் கணிதப் பாடத்தை விலக்கித் தருகிறது. டார்ட்மவுத் கல்லூரி ஏ.பி.க்குப் பட்டக் கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது. இரட்டைப் பதிவுப் பாடங்களை அதே மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்பது எளிது. தனியார் கல்லூரிகள் பல ஏற்பதில்லை. ஒவ்வொரு கல்லூரியும் இதற்கான அட்டவணையை வெளியிடுகிறது. விண்ணப்பிக்கும் முன்பே அதைப் பார்த்துவிடலாம்.

கிரெடிட் கிடைக்கிறது என்பதற்காகவே மேல்நிலைப் பாடத்துக்குத் தாவ வேண்டியதில்லை. பொறியியல் படிக்கப் போகிறவர், அந்தக் கல்லூரியின் முதல் கால்குலஸ் பாடத்தின் பழைய இறுதித் தேர்வை ஜூலையில் வாங்கி, நேரம் வைத்து எழுதிப் பார்க்கட்டும். தாராளமாக எழுத முடிந்தால் தாவலாம்; தடுமாறினால் முதல் பாடத்தையே எடுத்து, அந்தப் பருவத்தின் மற்ற பளுவைத் தாங்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். பொதுக் கல்விப் பாடங்களில் கிடைக்கும் கிரெடிட்டை ஏற்பதில் இந்தத் தயக்கம் தேவையில்லை. ஒரு பருவக் கட்டணம் மிச்சமாவது சிறிய விஷயமா?

பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் பருவத்தில், இடம் கிடைத்துவிட்டது என்று கைவிடும் மாணவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: கல்லூரி தரும் அனுமதி நிபந்தனைக்கு உட்பட்டது, இறுதி மதிப்பெண் பதிவேடு ஜூனுக்குப் பின் அங்கே போய்ச் சேரும்.

பெற்றோருக்கான மாற்றமும் அப்போதே தொடங்க வேண்டும். 1974-இன் நடுவண் சட்டப்படி, மாணவர் கல்லூரியில் சேர்ந்ததும் அவருடைய கல்விப் பதிவுகளின் மீதான உரிமை அவருக்கே மாறுகிறது. கட்டணம் கட்டுவது நீங்களாக இருந்தாலும், பேராசிரியரிடம் தொலைபேசியில் மதிப்பெண் கேட்க முடியாது. இரட்டைப் பதிவு எடுக்கும் பதினாறு வயதுப் பிள்ளையின் கல்லூரிப் பதிவுக்கும் இதே விதிதான். ஆகவே பதினொன்றாம் வகுப்பில் பள்ளியின் மதிப்பெண் இணையதளத்தை வாரம் ஒருமுறை மட்டும், பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கடவுச்சொல்லைப் பிள்ளையிடமே விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியருக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலை, ஆலோசகருடன் சந்திப்பு கேட்பதை, ஒரு தேர்வு மோசமாகப் போனதற்கான விளக்கத்தைப் பிள்ளையே எழுதட்டும். கல்லூரியின் முதல் வாரத்தில் பாடத்துக்கு ஒன்றாக நான்கைந்து பாடத்திட்டத் தாள்கள் கைக்கு வரும். எல்லாத் தேர்வு நாள்களையும் கட்டுரைக் கெடுகளையும் அவற்றிலிருந்து எடுத்து ஒரே நாட்காட்டியில் எழுதி, ஒரே வாரத்தில் இரண்டு, மூன்று விழும் இடங்களை முதல் நாளிலேயே வட்டமிட்டு வைப்பது அவருடைய முதல் வேலையாக இருக்கட்டும்.